அவர் இலையில் வெள்ளைக் குழம்பு

புந்தோங், ஈப்போ
12-11-2024

மரியாதைக்குரிய அண்ணி இருளாயி அவர்களுக்கு, உங்க தம்பி பெண்சாதி காளியம்மா எழுதிக்கொள்வது.

முருகன் புண்ணியத்தில் நான் கைகால் அசைய நடமாடிக்கிட்டு இருக்கேன். கமுந்திங்கில் உங்க முழங்கால் எப்படி, மகன் பத்துமலை ஒழுங்கா வேலைக்குப் போறானா, எல்லாம் எழுதவும். போனில் கூப்பிட்டால் உங்க காதுக்கு எட்டாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நம்ம பிள்ளைகள் சேதி. மகேந்திரன் மகள் தினேஸ்வரிக்கு பேங்கில் சம்பளம் ஏறி, இப்போ தனி மேசை, தனி டெலிபோன். அவள் தம்பி ரூபன் ஜொகூரில் இஞ்சினியர் படிப்பில் வகுப்புக்கே முதல். கடைக்குட்டி தனேஷ் சிலம்பத்தில் பேராக் மாநிலத்துக்கு ஆடி வெள்ளி மெடல் வாங்கினான். தங்கம் வாங்கினவனோட அப்பாதான் நடுவராம். அதனால் இதையும் தங்கம்னே வச்சுக்கலாம். அஞ்சாம் வகுப்போட புத்தகத்தை வச்சுட்டு ரப்பர் பால் வாளி தூக்கினவளோட பேரப்பிள்ளைகள் இவங்க. தோட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க இருந்தால் காட்டுங்க.

இப்போ வயித்தெரிச்சல் சேதி. மாசியில் அவர் தவறின முதல் வருசப் படையல் வருது. போன ஞாயிறு மகேந்திரன் எல்லாரையும் உட்கார வச்சு, அப்பாவுக்குப் பிடிச்சது என்னென்ன வைக்கணும்னு கேட்டான். இதில் கேட்க என்ன இருக்கு. என் கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டு ரசம், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். என் கைச் சமையலைத் தவிர வேற எதையும் அவர் வாயில் வைக்க மாட்டார்னு தோட்டத்துக்கே தெரியும்.

அப்போ இந்த தினேஸ்வரி வாயைத் திறந்தாள். "பாட்டி, தாத்தாவுக்கு ரொம்பப் பிடிச்சது மீட்பால்."

அது என்னடின்னு கேட்டேன். சுவீடன்னு ஒரு பனி நாடாம். அங்கே கறியை உருண்டை பிடிச்சு, பாலாடை ஊத்தி வெள்ளையாக் குழம்பு வைப்பாங்களாம். மிளகாயே கிடையாதாம். அவரை பினாங்குக்கு நெஞ்சு டாக்டரிடம் காட்ட இவள்தானே காடி ஓட்டிக் கூட்டிக்கிட்டுப் போவாள். திரும்பி வர்ற வழியில் பெரிய மேசை நாற்காலிக் கடை ஒண்ணு இருக்காம். அதுக்குள்ளேயே சாப்பாடும் விக்கிறாங்களாம். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு தட்டு தின்னுட்டுத்தான் இவர் கிளம்புவாராம். வீட்டுக்கு வந்து, மருந்து நெடி, பசிக்கலைன்னு படுத்துக்குவார். நானும் பாவம்னு சோற்றில் தண்ணி ஊத்தி வச்சுடுவேன்.

கறியில் பால். எழுதும்போதே ஓங்கரிக்குது அண்ணி. நீங்க கூடப் பிறந்தவங்க. என் தம்பி அந்த மாதிரி தின்னுற ஆள் இல்லைன்னு இந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுதிப் போடுங்க.

உங்க பதில் வர்ற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்.
காளியம்மா

*

கமுந்திங்
28-11-2024

அன்பு தங்கச்சி காளிக்கு, அண்ணி இருளாயி.

ஒன் கடுதாசி கெடச்சுச்சு. நீ நல்லா இருக்கறது சந்தோசம். இங்க மழை நிக்கவே இல்ல. துணி காய மாட்டேங்குது. முழங்கால் அப்படியேதான் கெடக்கு. பத்துமலைக்கு பேக்டரியில நைட்டு ஷிப்டு. பகல்ல தூங்குறான், நான் பேசுறதுக்கு ஆள் இல்ல.

பிள்ளைங்க சேதி படிச்சுப் படிச்சு பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன். சிலம்பத்துப் பையனுக்கு நான் பூசினதா நெனச்சு திருநீறு பூசி விடு.

தினேஸ்வரியத் திட்டாத. வயசான மனுசன அவ்வளவு தூரம் பத்திரமா கொண்டு போயி கொண்டாந்த பிள்ளை.

இந்த வருசம் எலுமிச்சங்கா ஊறுகா போடல. வேற விசேசம் இல்ல. ஒடம்பப் பாத்துக்க.

இருளாயி

*

புந்தோங்
9-12-2024

அண்ணி அவர்களுக்கு, காளியம்மா வணக்கம்.

மழைத் தண்ணியில் நடக்காதீங்க, முழங்கால் இன்னும் வீங்கும். உங்க கடுதாசியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்டதுக்குப் பதிலைக் காணோம். ஊறுகாய் பத்தி நான் கேட்கவே இல்லையே.

நீங்க திட்டாதேன்னு எழுதினதால் திட்டல. அதுக்கு அவள் பண்ணின வேலையைக் கேளுங்க. பாட்டி ஒரு தடவை பார்த்தால் மனசு மாறும்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை என் அடுப்படியிலேயே அதைச் செய்யத் தொடங்கிட்டாள்.

முதலில் ரொட்டியைப் பிச்சுப் பாலில் ஊறப் போட்டாள். பல் போன கிழவிக்குத்தான் நாம அப்படி ஊற வைப்போம். அதை வெறுங்கையால் பிசைஞ்சு, கொத்தின கோழிக்கறி, முட்டை, வெண்ணெயில் வதக்கின வெங்காயம் எல்லாம் சேர்த்தாள். பிள்ளை கக்கி வச்ச மாதிரி ஒரு நிறம். அதுக்கு மேல சாதிக்காயைத் துருவினாள். கைப்பிள்ளைக்கு வயித்து நோவுன்னா உரைச்சு நாக்கில் தடவுற சாமான் அது. அது கறியில் விழுந்ததும் என் அடுப்படி பிரசவ வீடு மாதிரி ஆயிடுச்சு. மஞ்சள் இல்லை, இஞ்சி பூண்டு இல்லை, கறிவேப்பிலை வாசம் காட்டல. கவிச்சி எப்படிப் போகும்னு கேட்டேன். கவிச்சி ஏன் பாட்டி போகணும்னு திருப்பிக் கேட்கிறாள்.

உருண்டைகளை வெண்ணெயில் பொரிச்சு எடுத்தாள். அது வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பொறுத்துக்கலாம். அப்புறம் அதே சட்டியில் மைதா மாவைக் கொட்டிக் கிண்டினாள். எலெக்சன் நேரத்தில் சுவரில் படம் ஒட்டுவாங்களே, அந்தப் பசைதான். அதில் பாலாடையை ஊத்தினாள். கொதிச்சு வரும்போது சளி மாதிரி குமிழ் விட்டுச்சு. அதுக்குள்ளே கறி உருண்டை மிதக்குது. கறியும் பாலும் ஒண்ணாச் சேர்ந்தால் தோல் வெளுத்துப் போகும்னு என் ஆத்தா சொல்லி வளர்த்த வயிறு இது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே தனேஷ் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய் நின்னுட்டேன்.

அந்தப் பயல் ரெண்டு தட்டு தின்னான். தட்டு ஓரத்தில் சிவப்பா ஒரு பழ ஜாம். கறிக்கு ஜாம் தொட்டுத் தின்னுறான் அண்ணி. அன்னைக்கு முழுக்க அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கல.

இன்னொண்ணும் கேட்டேன். அந்தக் கடையில் என்ன கறிடின்னு. கோழிதான் பாட்டின்னு சொல்லிட்டு காலண்டரைப் பார்த்தாள். முருகன் படம் போட்ட காலண்டர். அதைப் பார்த்துக்கிட்டே மாட்டைக் கோழின்னு சொல்ல மாட்டாள்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

இதையா அவர் பிடிச்சுத் தின்னார்? அவர் இலையில் எதை வைக்கிறதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இந்தத் தடவையாவது கேட்டதுக்குப் பதில் எழுதுங்க.

காளியம்மா

*

கமுந்திங்
5-1-2025

தங்கச்சி காளிக்கு,

பதில் எழுத நாளாயிருச்சு. கோவிச்சுக்காத. கண்ணுல பூளையா இருந்துச்சு, சொட்டு மருந்து ஊத்திக்கிட்டு இருந்தேன். இப்ப தேவலாம். ஒனக்கு சளி இருமல் இல்லாம இருக்கா?

பொங்கலுக்கு இங்க கரும்பு வெலை கேக்கவே பயமா இருக்கு. பத்துமலை ஒரே ஒரு கழி வாங்கலாம்மான்னு சொல்றான்.

நீ கேட்டதுக்கு நான் என்னத்த எழுத. என் தம்பி அப்பாவு சின்னப் பயலா இருக்கும்போது எங்கம்மா அவனுக்கு மட்டும் கறித்துண்ட சுடுதண்ணியில அலசிக் குடுக்கும். சின்னப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே. அதெல்லாம் எப்பவோ.

வருசப் படையலுக்கு வாழை எலை தலைவாழையா வாங்கு. கிழிசல் இருக்கக் கூடாது.

இருளாயி

*

புந்தோங்
10-1-2025

அண்ணிக்கு,

கண் தேவலையானது நல்லது. சொட்டு மருந்தை நிறுத்திடாதீங்க.

சின்னப் பிள்ளைன்னா எத்தனை வயசு வரைக்கும்? ஆறா, பதினாறா? அலசினது எப்போ நின்னுச்சு? கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும் அலசினாங்களா?

நான் அம்மியில் மிளகாய் அரைச்சால் மூணு வீடு தள்ளித் தும்முவாங்க. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுற அந்தோணிமுத்து கிராணி வீட்டிலிருந்து கிண்ணம் கொடுத்து விட்டு என் கருவாட்டுக் குழம்பை வாங்கித் தின்பாங்க. உங்க தம்பி சாப்பிட உட்கார்ந்தால் நெத்தியில் முத்து முத்தா வேர்க்கும். துண்டால் துடைச்சுத் துடைச்சுத் தின்பார். கண்ணிலும் தண்ணி நிக்கும். வேர்க்க வேர்க்கத் தின்னுறாரேன்னு நான் இன்னொரு கரண்டி ஊத்துவேன். என் வீட்டுக்காரர் மாதிரி காரம் தின்ன ஆள் பத்து காஜா டவுன் வரைக்கும் இல்லைன்னு குழாயடியில் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவள் நான்.

அவருக்குக் காரம் பிடிக்குமா பிடிக்காதா? ஒரே வார்த்தை எழுதினால் போதும். கரும்பு விலையெல்லாம் எனக்கு வேண்டாம்.

காளியம்மா

*

புந்தோங்
27-1-2025

அண்ணிக்கு, காளியம்மா.

பொங்கலும் போயிடுச்சு. உங்ககிட்டேர்ந்து ஒரு வரி இல்லை. உங்களுக்கு உடம்பு சுகமில்லையோன்னு பத்துமலைக்குப் போன் போட்டேன். அம்மா நல்லா மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருக்குன்னு சொன்னான். சரி, நல்லா இருங்க.

நான் தினேஸ்வரியை உட்கார வச்சுக் கேட்டுட்டேன். தாத்தா அந்த உருண்டையைத் தின்னும்போது நாற்காலிக்கு அடியில் காலை ஆட்டிக்கிட்டே தின்பாராம். பேச மாட்டாராம். தட்டில் ஒட்டியிருக்கிற வெள்ளையையும் ரொட்டியால் வழிச்சுத் தின்னுட்டு, பாட்டிக்கிட்ட சொல்லாதம்மான்னு மட்டும் சொல்வாராம். ஏன் தாத்தான்னு இவள் கேட்டிருக்கிறாள். அதுக்கு, உன் பாட்டி நல்லா சமைப்பா, அவளைப் பத்தி ஒண்ணும் சொல்லாதேன்னு பதில் சொன்னாராம்.

காலை ஆட்டினாராம். என் வீட்டில் உட்கார்ந்து தின்னும்போது அவர் கால் ஒரு நாள் அசைஞ்சதில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருக்கேன். மனசில் இதை வச்சுக்கிட்டுக் குடத்தைத் தூக்க முடியாது. அதுக்குள்ளே எழுதுங்க.

காளியம்மா

*

கமுந்திங்
6-2-2025

அன்பு காளி,

நான் நல்லா இருக்கேன். ஒனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கும், மாத்திரய விட்டுராத.

பிடிக்காது. போதுமா.

அவன் நாக்குக்கு காரம் ஆகவே ஆகாது. ஒங்க கல்யாணம் முடிஞ்ச மறு வாரம் நான் தோட்டத்துக்கு வந்திருந்தேன், ஞாபகம் இருக்கா. நீ மொத மொதல்ல கருவாட்டுக் கொழம்பு வச்ச. அவன் தின்னுட்டு வெளிய வந்து, பீலிக் கொழாயில வாய வச்சு தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தான். நான் சொல்லிருடான்னு சொன்னேன். அவன் சொன்னது இதுதான்:

"அவ சாப்புடுறத பாத்தியாக்கா? அந்தக் கொழம்ப ஊத்திக்கிட்டு எம்புட்டு ஆசையா சாப்புடுறா. நான் வாயத் தெறந்தா நாளையிலேர்ந்து எனக்காக தண்ணிக் கொழம்பு வைப்பா. அப்புறம் அவளுக்கு சோறு எறங்காது."

அப்ப நீ ஊசி மாதிரி இருப்ப. ஒங்க ஆத்தா வீட்ல சோத்துக்கு என்ன பாடுன்னு அவனுக்குத் தெரியும். கொஞ்ச நாளு போகட்டும்னு நெனச்சிருப்பான். அப்புறம் நீ கொழாயடியில பெருமை பேசி, கிராணி வீட்டுக்குக் கிண்ணம் போயி, எல்லாம் ஊரறிஞ்சு போச்சு. சொல்றதுக்கு எடமே இல்லாம போச்சு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டான். செத்தவன் சத்தியத்த ஒடைக்கக் கூடாதேன்னுதான் ஊறுகாயும் கரும்பும் எழுதிக்கிட்டு இருந்தேன்.

பால்கொடத்த நல்லபடியா தூக்கு.

இருளாயி

*

புந்தோங்
17-2-2025

அண்ணி அவர்களுக்கு, காளியம்மா வணக்கம்.

முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்க. பால்குடம் நல்லபடியா முடிஞ்சது. உங்க கடுதாசி வந்தது. அதைப் பத்தி எழுத இப்போ எனக்கு நேரமில்லை. வேலை இருக்கு.

நம்ம குடும்பத்தில் புருசன் படையலைப் பெண்சாதிதான் ஆக்கணும். படையல் சமையலை ருசி பார்க்கவும் கூடாது. ஆட்டுக்கறிக்கு என் கைக்கு உப்புத் தெரியும், கண்ணைக் கட்டிக்கிட்டும் போடுவேன். இந்த வெள்ளை உருண்டைக் கண்றாவிக்கு என் கைக்கு என்ன தெரியும்? அதனால் முன்னாடியே ஆக்கிப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து, உப்பைக் கைக்குப் பழக்கிக்கணும். வேற வழி இல்லை.

தினேஸ்வரி பக்கத்தில் நின்னு சொல்லச் சொல்ல நான் செய்தேன். கோழிதான். அவர் அங்கே என்ன தின்னாரோ அது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கணக்கு. என் அடுப்பில் கோழிதான் ஏறும். அந்தப் பால் ரொட்டியைப் பிசையும்போது விரல் இடுக்கில் வழவழன்னு ஏறுச்சு பாருங்க, முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி ஏறுற மாதிரி உடம்பு கூசிடுச்சு. முதல் தடவை உருண்டையெல்லாம் உடைஞ்சு போச்சு. குழம்பு கட்டி தட்டிடுச்சு. நாய்க்கு வச்சோம். அது மட்டும் வாலை ஆட்டிக்கிட்டுத் தின்னுச்சு.

ரெண்டாவது தடவை உருண்டை நின்னுச்சு. கரண்டியில் எடுத்து நாக்கில் வச்சேன். என்னன்னு சொல்ல. காய்ச்சல்காரன் வாய் மாதிரி ஒரு சப்பு. அதுக்கு மேல வெண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் சாதிக்காய் நெடி. சிங்க்கில் துப்பிட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கடிச்சுத்தான் நாக்கைத் திரும்ப வாங்கினேன். கொஞ்சம், ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள் போட்டால் தெரியவா போகுதுன்னு என் கை தானா டின்னுக்குப் போச்சு.

"பாட்டி, கையை எடுங்க"ன்னாள் அவள். எடுத்துட்டேன். டின்னை அலமாரி உச்சியில் கொண்டு போய் வச்சுட்டாள்.

மூணாவது தடவை சிங்க்கில் துப்பல. விழுங்கவும் இல்லை, வெளியே போய்த்தான் துப்பினேன். ஆனால் உப்பு பிடிபட்டுப் போச்சு. நீங்க படையலுக்கு வருவீங்கதானே?

காளியம்மா

*

கமுந்திங்
1-3-2025

அன்பு காளி,

ஒத்தடம் குடுக்குறேன். பஸ் படி ஏற முடியல, அதனால வர முடியாது. பத்துமலைக்கும் லீவு கெடைக்கல. இங்கயே ஒரு வெளக்கு ஏத்திக்கிறேன்.

படைச்ச எலையில நீதான் மொதல்ல ஒக்காரணும். எங்கம்மா எங்கப்பா எலையில ஒக்காந்துச்சு. எலையில எதையும் ஒதுக்கக் கூடாது, முகம் கோணக் கூடாது. கோணினா செத்தவனுக்கு எறங்காதுன்னு சொல்லுவாங்க. அந்த வெள்ளைக் கொழம்ப எப்படித் தின்னப் போறியோ, அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. வேணும்னா பேருக்கு ஒரு உருண்டை மட்டும் வையி.

கருவாட்டுக் கொழம்பும் வைப்பியா? வைக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். ஒன் இஷ்டம்.

இருளாயி

*

புந்தோங்
11-3-2025

பிரியமுள்ள அண்ணிக்கு, காளியம்மா.

படையல் நல்லபடியா முடிஞ்சது. நான் சுகம். நீங்க வராதது ஒண்ணுதான் குறை.

விடியலிலேயே குளிச்சு அடுப்பு மூட்டிட்டேன். கருவாட்டை ஊறவே போடல. ஆட்டுக்கறியில் மிளகாய்க்குப் பதிலா மிளகு, அதுவும் பேருக்கு. நண்டு ரசம் வேண்டாம்னு விட்டுட்டேன். இலை போடும்போது மகேந்திரன் எட்டிப் பார்த்து, கருவாட்டுக் குழம்பு எங்கேம்மா, அது இல்லாம அப்பாவுக்குப் படையலான்னு கத்தினான். வந்திருந்தவங்க எல்லாம் என்னைத்தான் பார்த்தாங்க.

"உங்கப்பாவுக்கு இன்னிக்கு லீவுடா"ன்னேன்.

அவனுக்குப் புரியல. தினேஸ்வரி மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். இலை நடுவில் சோறு, அதுக்குப் பக்கத்தில் அந்த உருண்டைகளை அடுக்கி, மேலே வெள்ளைக் குழம்பை ஊத்தினேன். பேருக்கு ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. மனுசன் தட்டை வழிச்சுத் தின்ன சாப்பாடு அது, அதனால் நிறையவே வச்சேன். ஓரத்தில் ஜாமும் வச்சேன். அவர் படத்துக்கு முன்னாடி ஜாம் வைக்கிற நிலைமை எனக்கு வரும்னு யார் நினைச்சா.

கச்சாங் பூத்தே கடலை விக்கிற கலாதேவி சட்டியை எட்டிப் பார்த்து, பால் கொழுக்கட்டையா அக்கான்னு கேட்டாள். ஆமான்னு சொல்லித் தொலைச்சுட்டேன். சூடம் காட்டி முடிஞ்சதும் ஒண்ணை எடுத்து வாயில் போட்டாள். அந்த முகம் போன போக்கைப் பார்க்கணுமே. கையில் துப்பிக்கிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினாள்.

அப்புறம் நான் அவர் இலையில் உட்கார்ந்தேன்.

உங்களிடம் மட்டும் சொல்றேன் அண்ணி. அவ்வளவு அருவருப்பு. முதல் உருண்டை தொண்டையிலேயே நின்னுக்கிச்சு. ஆறிப்போன பாலாடை உதட்டில் படிஞ்சு ஒட்டுது. காரம்னா நல்லது. கண்ணில் தண்ணி வந்தால் வேர்வைன்னு துண்டால் துடைச்சுக்கலாம். இதுக்கு முகத்தை மறைக்க ஒரு சாக்கும் கிடையாது. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. தண்ணிகூட எடுக்காமல் ஒண்ணொண்ணா விழுங்கினேன்.

தினேஸ்வரி எதிரில் குந்தி, எப்படி இருக்கு பாட்டின்னு கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆசை.

"இன்னும் ரெண்டு வை"ன்னேன்.

வச்சாள். அதையும் தின்னேன். ஜாமையும் வழிச்சுத் தின்னுட்டுத்தான் இலையை மடிச்சேன். முகம் கோணல. யாரை வேணும்னாலும் கேளுங்க. ராத்திரி முழுக்க நெஞ்சைக் கரிச்சுது. இனிமேல் என் ஆயுசுக்கும் அதை வாயில் வைக்க மாட்டேன், அடுத்த மாசியைத் தவிர.

மறுநாள் கருவாட்டுக் குழம்பு வச்சேன், எனக்கு மட்டும். ஆசையாத்தான் சாப்பிட்டேன். அவர் அதைத்தானே பார்க்கணும்னு நினைச்சார்.

ஒரே ஒரு உபகாரம். அவர் பிடிச்சுச் சாப்பிடுற முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருக்கிற படத்திலெல்லாம் கல்யாண வீட்டில் விறைச்சுக்கிட்டு நிக்கிறார். உங்களுக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடைன்னு எல்லாரும் சொல்வாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதை வாங்கித் தின்னுங்க. வாய் நிறைய இருக்கும்போது பத்துமலையை விட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பழைய படம் வேண்டாம். கைபேசிக்கும் அனுப்ப வேண்டாம், அதில் என் கண்ணுக்குத் தெரியாது. கடையில் கொடுத்து அட்டையில் கழுவி, தபாலில் போடுங்க.

காத்துக்கிட்டிருக்கும்
காளியம்மா